நல்லி எலும்புக்குள் ஒரு நாற்றங்கால்

மதுரைக்காரர்களுக்கு மஜ்ஜையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நல்லி எலும்பை இலையோரமாகத் தட்டி, உறிஞ்சிப் பார்த்து, வரவில்லை என்றால் மறுபடியும் தட்டிச் சாப்பிடுகிற ஊர் இது. அந்தக் கொழகொழப்பான சமாச்சாரம்தான் மஜ்ஜை. ஆனால் அதே சொல்லை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னால் நமக்குக் கை கால் ஓடுவதில்லை.

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சிக்கு அப்படித்தான் ஆயிற்று. அவருடைய அக்கா மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து கொடுத்து நோய் அடங்கி, மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. இனி எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைதான் என்று சொல்லிவிட்டார்களாம். துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, ஒவ்வொரு எலும்பாத் தொறந்து பழசை வழிச்சு எடுத்துட்டுப் புதுசை வைப்பாங்களோ?"

உடம்பில் இருப்பது 206 எலும்பு. நினைத்தாலே தலை சுற்றும். ஆனால் அண்ணாச்சியின் கேள்வியில் பிழை இல்லை. செய்தித்தாள்களே 'மஜ்ஜை மாற்று அறுவைச் சிகிச்சை' என்றுதான் எழுதுகின்றன. உண்மையில் நோயாளி மீது கத்தியே படுவதில்லை. ரத்தம் ஏற்றுகிற மாதிரி ஒரு பையில் தொங்கவிட்டு, ரத்தக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். அதற்குள் இருக்கும் உயிரணுக்கள் ரத்தத்தோடு சுற்றி, எலும்புக்குள் தாங்களாகவே வழி கண்டுபிடித்துப் போய்க் குடியேறிவிடும். இவ்வளவு எளிதாகத் தோன்றுகிற காரியத்தைச் செய்து முடிக்க ஒரு மனிதருக்குக் கிட்டத்தட்ட வாழ்நாளே தேவைப்பட்டது. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மஜ்ஜை என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

நாம் தட்டிச் சாப்பிடும் கால் எலும்பில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. பெரியவர்களின் கை கால் எலும்புகளிலும் அப்படித்தான். ரத்தம் ஊறுகிற சிவப்பு மஜ்ஜை இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, விலா எலும்பு, முதுகெலும்பு போன்ற இடங்களில் இருக்கிறது. அங்கே நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களுக்குப் பத்து நாள் கூடக் கிடையாது. கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்களில் பெரும்பகுதி, ரத்தத்துக்கு வந்த பிறகு ஒரு நாளைத் தாண்டுவதே அபூர்வம். அதனால் உற்பத்தி ஒரு வாரம் நின்றாலும் உடம்பு தாங்காது.

இத்தனைக்கும் மூலம் ஸ்டெம் செல். தமிழில் தண்டணு என்றும் குருத்தணு என்றும் எழுதுகிறார்கள். என் ஓட்டு குருத்தணுவுக்கு. வாழைக்குருத்து ஞாபகம் வருகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம்: தண்டு என்றதும் நம் ஆட்களுக்கு முதுகுத்தண்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால் வரும் வம்பைப் பின்னால் சொல்கிறேன்.

மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்ததும் முதல் வேலை நாற்றங்கால். கையகல நிலத்தில் விட்ட நாற்று, அப்புறம் ஏக்கர் கணக்கில் வயலை நிரப்பும். மஜ்ஜை அப்படி ஒரு நாற்றங்கால். குருத்தணு அதன் விதைநெல். ஆனால் வினோதமான விதைநெல்: ஒன்று இரண்டாகப் பிரியும்போது ஒரு பங்கு நாற்றாகப் போகும், இன்னொரு பங்கு விதைநெல்லாகவே தங்கிவிடும். எடுக்க எடுக்கக் குதிர் குறையாது. இப்படிப்பட்ட அணு உண்மையிலேயே உண்டு என்பதை கனடாவின் டொரோண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குலக் என்ற இருவர் எலிகளை வைத்து 1961-ல் காட்டினார்கள்.

சரி, ரத்தப் புற்றுநோய் என்பது என்ன? நாற்றைப் போலவே பச்சையாகத் தலைகாட்டி, நெல் பிடிக்காமல், இருக்கிற எருவையும் தண்ணீரையும் குடித்துப் பெருகுகிற களை. முதிராத வெள்ளணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்ள, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. சிவப்பணு குறைவதால் வெளிறிப்போய் மூச்சு வாங்கும். தட்டணு குறைவதால் ஈறில் ரத்தம் கசியும், தோலில் செம்புள்ளிகள் வரும். வேலை செய்யும் வெள்ளணு இல்லாததால் காய்ச்சல் விடாது. வெள்ளணு கோடிக்கணக்கில் இருந்தும் கிருமியோடு சண்டையிட ஆள் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ 1840-களில் இதற்கு வைத்த பெயருக்கே 'வெள்ளை ரத்தம்' என்றுதான் பொருள். அதுதான் லுக்கேமியா.

எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் மஜ்ஜை மாற்ற வேண்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை பெரும்பாலும் மருந்திலேயே குணமாகிறது. மெதுவாக வளரும் இன்னொரு வகைக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-ல் வந்த பிறகு, முன்பு மாற்றுச் சிகிச்சைக்கு வரிசையில் நின்றவர்கள் இன்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். களை வேரோடு வரமாட்டேன் என்கிற இடத்தில்தான், மருந்துக்கு அடங்காத, அடங்கியும் திரும்பி வருகிற நோயில்தான் மாற்றுச் சிகிச்சை என்ற பேச்சு எழும்.

அந்த யோசனை வந்த இடம் அணுகுண்டு. 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுவெடிப்பில் தப்பித்த பலர், சில வாரம் கழித்து ரத்தம் கசிந்தும் காய்ச்சல் கண்டும் இறந்தார்கள். கதிர்வீச்சு முதலில் அழித்தது மஜ்ஜையை என்பது தெரிந்தது. 1949-ல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டு உடம்பு முழுக்கக் கதிர் பாய்ச்சினார். எலி பிழைத்தது. எலிக்கு மண்ணீரலும் ரத்தம் உண்டாக்கும் இடம். 1951-ல் எகோன் லோரென்ஸும் கூட்டாளிகளும் கதிர் பட்ட எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். களையோடு சேர்த்து நாற்றங்கால் மொத்தத்தையும் உழுதுவிட்டு, பக்கத்து வீட்டு விதைநெல்லைத் தூவினால் என்ன என்ற துணிச்சல் அங்கிருந்து பிறந்தது.

அந்தத் துணிச்சலை மனிதர்களிடம் எடுத்துப் போனவர் டொனால் தாமஸ். 1920-ல் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா அந்த ஊருக்கு மருத்துவர். கல்லூரியில் படிக்கும்போது, டெக்சாஸில் அதிசயமாகப் பனி பெய்த ஒரு நாளில், ஒரு பெண் பனியை உருட்டி இவர் முகத்தில் எறிந்தார். 1942-ல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார் தாமஸ். இந்த டோரதி படித்துக்கொண்டிருந்தது பத்திரிகைத் துறை. கணவரோடு ஒரே இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் படிப்பை மாற்றி ஆய்வகத் தொழில்நுட்பம் கற்றுக்கொண்டார். ரத்த மாதிரிகளைப் பார்ப்பதிலிருந்து கட்டுரைகளைத் திருத்துவது, நிதிக் கணக்கு எழுதுவது வரை எல்லாம் அவர் கையில்தான். தாமஸை மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் தந்தை என்பவர்கள் டோரதியைத் தாய் என்பார்கள். மரியாதைக்குச் சொல்கிற பேச்சில்லை அது.

ஹார்வர்டில் மருத்துவம் முடித்து, 1955-ல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரின் மருத்துவமனைக்கு வந்தார். 1957-ல் மஜ்ஜை மாற்று பற்றிய அவருடைய முதல் கட்டுரை வெளியானது. ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றியிருந்தார். இரண்டு பேருக்கு மட்டும் கொஞ்ச நாள் பிடித்தது. நூறு நாளுக்குள் ஆறு பேரும் இறந்துபோனார்கள்.

அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. ஆறு குடும்பத்துக்குப் பதில் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் ஆய்வகத்தைத் திறப்பதற்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும்? அதற்கடுத்து 1959-ல் உருவொத்த இரட்டையர்களிடையே செய்து பார்த்தார். இரட்டைப் பிறவியின் மஜ்ஜை அழகாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் சில மாதங்களில் புற்றுநோய் திரும்பிவிட்டது. மஜ்ஜையை மனிதரிடம் பிடிக்க வைக்க முடியும் என்று தெரிந்தது, நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. 1960-களில் மற்ற நாடுகளிலும் இதே கதைதான். பலர் இது ஆகிற காரியமில்லை என்று வேறு துறைக்குப் போய்விட்டார்கள். தாமஸ் மனிதர்களுக்குச் செய்வதை நிறுத்திவிட்டு நாய்களிடம் திரும்பினார். 1963-ல் சியாட்டிலுக்கு இடம் மாறியும் நாய்கள்தான். எங்கே தவறு என்று தெரியாமல் இன்னொரு நோயாளியைத் தொடக்கூடாது என்று ஒதுங்கி நின்ற அந்த ஆண்டுகளை, அவருக்குப் பின்னால் கிடைத்த நோபலைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

தவறு எங்கே என்றால், பொருத்தத்தில். நம் அணுக்களின் மேல் ஒரு முத்திரை இருக்கிறது, எச்எல்ஏ என்பார்கள். இந்த முத்திரையை முதலில் கண்டவர் பாரிஸைச் சேர்ந்த ழான் தௌஸே, 1958-ல். நோய் எதிர்ப்பு அணுக்கள் இதைப் பார்த்துத்தான் நம்மவர், அந்நியர் என்று பிரிக்கின்றன. ரத்த குரூப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குரூப் வேறாக இருந்தாலும் மஜ்ஜை கொடுக்கலாம். கொடுத்தபின் சில மாதங்களில் நோயாளியின் குரூப்பே கொடுத்தவருடையதாக மாறிவிடும். ஓ பாசிட்டிவ் ஆள் பி பாசிட்டிவ் ஆகிவிடுவார்.

எச்எல்ஏ கணக்கு ஜாதகப் பொருத்தத்தைவிடச் சுலபம். அப்பாவிடம் அ, ஆ என்று இரண்டு கட்டு, அம்மாவிடம் இ, ஈ என்று இரண்டு கட்டு. பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் ஒவ்வொரு கட்டு வரும். அஇ, அஈ, ஆஇ, ஆஈ என்று நாலே வகை. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. இரண்டு உடன்பிறப்பு இருந்தால் யாராவது ஒருவர் பொருந்த நூற்றுக்கு 44. ஏழெட்டுப் பிள்ளை பெற்ற நம் பாட்டிகள் காலத்தில் இந்தச் சிகிச்சை இல்லை. சிகிச்சை வந்த காலத்தில் நாமிருவர் நமக்கிருவர் ஆகிவிட்டோம்.

அண்ணாச்சி இதைக் கேட்டதும், "தாய்மாமன் நான் இருக்கேன்ல தம்பி, என்கிட்டயே எடுக்கச் சொல்லுங்க" என்றார். காதுகுத்துக்கு மடி கொடுத்தவர், சடங்குக்குச் சீர் கொண்டுபோனவர், அப்படித்தான் சொல்வார். ஆனால் மாமனுக்கு முழுப் பொருத்தம் வருவது அபூர்வம். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கிற குடும்பங்களில் அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதே சொந்தக் கல்யாணம் சில பரம்பரை ரத்த நோய்களையும் கூட்டிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெற்றோர் எப்போதும் குறைந்தது பாதிப் பொருத்தம். ஒரு காலத்தில் அது ஆபத்தான வழி. மாற்றுச் சிகிச்சைக்குப் பின் மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய மருந்தைக் கொடுக்கும் முறையை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வகுத்த பிறகு, அம்மாவோ அப்பாவோ கொடுப்பதும் நடக்கிறது. வீட்டில் ஆளே இல்லை என்றால், கொடுக்க முன்வந்தவர்கள் பெயர் பதிந்து வைத்திருக்கும் பதிவகங்களில் தேட வேண்டும். நம் முத்திரைக்கு ஒத்தது நம் மக்களிடம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் பதிவு செய்த இந்தியர்கள் குறைவு. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்களில் சேர, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும்.

தாமஸின் குழு நாய்களிடமும் இந்த முத்திரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் பொருத்தம் பார்த்து மஜ்ஜை மாற்றி, பிறகு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்தால் நாய்கள் பிழைத்தன. 1969-ல் சியாட்டிலில் பொருத்தமான உடன்பிறப்பின் மஜ்ஜையோடு மறுபடி மனிதர்களிடம் வந்தார்கள். 1977-ல் நூறு நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். எல்லாரும் வேறு மருந்தெல்லாம் கைவிட்டவர்கள். அவர்களில் 13 பேர் நோயில்லாமல் உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பெரிய எண்ணா என்று தோன்றும். அந்த 13 பேருக்கும் வேறு வழியில் இருந்திருக்கக்கூடிய எண் பூஜ்யம். கடைசிக் கட்டம் வரை காத்திராமல் நோய் முதன்முறை அடங்கியதும் செய்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தத் துறையில் எனக்குப் பிடித்த புதிர். சிறுநீரகம் மாற்றினால் உடம்பு புது உறுப்பை விரட்டப் பார்க்கும். வீட்டுக்காரர் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்கிற கதை. மஜ்ஜையில் அது தலைகீழ். வந்து குடியேறுவதே நோய் எதிர்ப்புப் படை. குடிவந்தவர் வீட்டுக்காரரைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்பார். தோல், குடல், கல்லீரல் மூன்றும் அடி வாங்கும். இதற்குப் பயந்துதான் முத்திரை பார்ப்பதும் மருந்து கொடுப்பதும்.

அப்படியானால் உருவொத்த இரட்டையர்தானே உத்தமமான கொடையாளர்? சண்டையே வராதே? வரவில்லைதான். ஆனால் இரட்டையரிடம் மஜ்ஜை வாங்கியவர்களுக்குப் புற்றுநோய் திரும்புவது அதிகமாக இருந்தது. லேசாகச் சண்டை நடந்தவர்களுக்குத் திரும்புவது குறைவு. குடிவந்தவர் வீட்டைச் சோதனை போடும்போது, மூலையில் ஒளிந்திருக்கும் புற்றணுக்களையும் பிடித்துவிடுகிறார். கதிரும் மருந்தும் களையை அழிக்கும், புது விதை வெற்றிடத்தை நிரப்பும் என்று தொடங்கிய சிகிச்சையில், மிச்சக் களையைப் பிடுங்கியது புது விதைதான். 1990-ல் மியூனிக்கின் ஹான்ஸ்-யோகம் கோல்ப், மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பியவர்களுக்கு அதே கொடையாளரின் வெள்ளணுக்களை மட்டும் இன்னொரு முறை ஏற்றி நோயை அடக்கிக் காட்டினார். எந்தச் சண்டைக்கு எல்லாரும் பயந்தார்களோ, அதில் ஒரு சிட்டிகை நோயாளிக்கு வேண்டியிருக்கிறது. அளவு தப்பினால் அதுவே ஆளைக் கொல்லும். இன்றைய மருத்துவர்களின் தலைவலியும் இந்த அளவுதான்.

1990-ல் தாமஸுக்கு நோபல். கூடவே பெற்றவர் ஜோசப் மரே, 1954-ல் உருவொத்த இரட்டையரிடையே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தவர். ஹார்வர்டு நாட்களில் பாஸ்டனில் பழகிய நண்பர்கள் இருவரும். தாமஸ் 2012 அக்டோபரில் 92 வயதில் இறந்தார். அடுத்த இரண்டே மாதத்தில் உலகில் இவ்வகைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டதாகக் கணக்கிட்டார்கள். இந்தியாவில் 1983-ல் மும்பை டாடா மருத்துவமனையிலும், 1986-ல் நம் வேலூர் சிஎம்சியிலும் தொடங்கிய வேலை அதில் அடக்கம்.

இனி அண்ணாச்சிக்குச் சொன்ன நடைமுறை. கொடையாளரிடமிருந்து எடுக்க இரண்டு வழி. ஒன்று, மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசியால் உறிஞ்சி எடுப்பது. தாமஸ் காலத்து வழி அது. இப்போது அதிகம் நடப்பது இரண்டாவது: நாலைந்து நாள் ஊசி போட்டால் குருத்தணுக்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கி வரும். தட்டணு தானம் செய்கிற மாதிரி ஒரு இயந்திரம் ஒரு கையிலிருந்து ரத்தத்தை வாங்கி, குருத்தணுவை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை மறுகையில் விட்டுவிடும். சில மணி நேர வேலை. ஊசி போடும் நாட்களில் உடம்பு வலி இருக்கும், காய்ச்சல் வந்த மாதிரி. கொடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும், விதைநெல் குறையாத குதிர் அல்லவா. முதுகுத்தண்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நோயாளிக்குத்தான் கஷ்டகாலம். பழைய மஜ்ஜையை அழித்த பிறகு, புதியது முளைக்க இரண்டிலிருந்து நாலு வாரம். நாற்றங்கால் வெறும் சேறாகக் கிடக்கும் காலம் அது. சாதாரணக் கிருமியும் உயிருக்கு உலை வைக்கும். வடிகட்டிய காற்றுள்ள தனி அறை, நன்றாக வேகவைத்த உணவு, வருகிறவர்கள் கை கழுவிக்கொண்டுதான் உள்ளே. பூ கூடாது. இதை நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு முழம் மல்லி வாங்கிப் பிள்ளை தலையில் வைக்காமல் நம் பெண்களால் இருக்க முடியாது. பூவிலும் அது வைத்திருந்த தண்ணீரிலும் பூஞ்சையும் கிருமியும் இருக்கும். மல்லி வாசலோடு சரி.

அண்ணாச்சியின் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். அந்தப் பெண்ணுக்கு ஒரே தம்பி, பாலிடெக்னிக் படிக்கிறான். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் அப்புறம் பைக் ஓட்ட முடியாது என்று கூடப் படிக்கும் எவனோ சொல்லியிருக்கிறான். பையன் ரத்தம் கொடுக்கப் போகாமல் இரண்டு வாரமாக மழுப்பிக்கொண்டிருக்கிறானாம். பொருந்துமா என்று பார்ப்பதற்கே இன்னும் மாதிரி எடுக்கவில்லை.

அண்ணாச்சி பருப்புப் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தார். "அந்த எலும்பு பேரை இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி." சொன்னேன். 'இடுப்பெலும்பு. முதுகுத்தண்டு இல்லை' என்று எழுதி, இல்லை என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைப் பையனைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். பருப்புக்குக் காசு வாங்க மறந்துவிட்டார்.